முதல் குழாயில் வைத்த காந்தம்

பிள்ளைகளே,

நோன்புப் பெருநாளுக்கு மாமா நமது வீட்டுக்கு வரவில்லை. ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் வரவில்லை. இரண்டு தடவையும் நீங்கள் கேட்டபோது, “மாமாவுக்கு வேலை” என்று சொன்னேன். முதல் தடவை அது பொய். அப்போது மாமாவுக்கு வேலையே இருக்கவில்லை. இரண்டாம் தடவை வேலை இருந்தது, ஆனால் அவர் வராததற்குக் காரணம் வேலை இல்லை. உங்கள் உம்மா இரண்டு தடவையும் வட்டிலப்பத்தை வெட்டி, அவருடைய பங்கை மூடி வைத்துவிட்டு, பின்னேரம் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்.

சின்னவனின் பென்சில் பெட்டி இப்போது மூடாமல் வாயைத் திறந்தபடி கிடக்கிறதே, அதற்கும் இதே கதைதான் காரணம். அதைக் கடைசியில் சொல்கிறேன். நான் ஓ.எல். வரைக்கும் படித்தவன், அதிலும் விஞ்ஞானத்தில் தேறாதவன். மூத்தவள் இதை வாசிக்கும்போது விஞ்ஞானப் பிழை எதையும் கண்டால் திருத்திக்கொள்ள வேண்டும். மற்றப் பிழைகளைப் பற்றி என்ன செய்வது என்று எனக்கே தெரியவில்லை.

நான் வேலை செய்கிற இடத்தை நீங்கள் வெளியிலிருந்துதான் கண்டிருக்கிறீர்கள். பாலாவிச் சந்தியிலிருந்து உள்ளே போகும் வீதியில், தென்னந்தோட்டத்துக்குப் பின்னால் புகைபோக்கி தெரியும். தேங்காய்ச் சிரட்டைக் கரியை வாங்கி, அதை இன்னும் ஒருமுறை சூளையில் போட்டு, தண்ணீர் வடிக்கிற கரியாக மாற்றி வெளிநாட்டுக்கு அனுப்புகிற பெக்டரி. சூளை என்றால் செங்கல் சூளை மாதிரி இல்லை. படுக்க வைத்த பெரிய உருளை, உள்ளே சூடு தாங்கும் நெருப்புக்கல் பதித்தது, மெதுவாகச் சுழன்றுகொண்டே இருக்கும். கரி ஒரு பக்கத்தால் போய் மறுபக்கத்தால் வரும். அந்தச் சூட்டுக்குள் நீராவி ஊத வேண்டும். அதற்காகச் சூளையின் வயிற்றுக்குள் ஆறு குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். பார்வைத் துவாரத்தால் பார்த்தால் அந்தக் குழாய்கள் பழுத்த தேசிக்காயின் மஞ்சளில் தெரியும். அவ்வளவு சூடு. இரவு பகலாக, மாதக் கணக்காக அந்த நிறத்திலேயே நிற்க வேண்டும்.

முன்பெல்லாம் சாதாரணத் துருப்பிடிக்காத உருக்கில்தான் அந்தக் குழாய்கள் இருந்தன. உருகாது. ஆனால் சூட்டில் தன் பாரத்தைத் தானே தாங்க மாட்டாமல், நனைந்த சாரத்தைக் கொடியில் போட்டால் நடுவில் தொங்குமே, அப்படித் தொங்கிப் போகும். வருடம் முடிய முன்னமே கழற்றி எறிவோம். பிறகு கொழும்பிலிருந்த முதலாளிமார், நிக்கலும் குரோமியமும் கூடச் சேர்த்த புது மாதிரிக் கலப்புலோகத்தில் குழாய் வந்திருக்கிறது, சூட்டில் அசையாது என்று கேள்விப்பட்டு, ஆறு குழாய்களுக்குச் சொன்னார்கள். அவற்றைக் கொண்டுவரப் போனவர் உங்கள் மாமா. ஸ்டோருக்கு அவர்தான் பொறுப்பு. எனக்கு அங்கே வெல்டிங் வேலை எடுத்துத் தந்தவரும் அவர்தான். நானும் அவரும் சின்ன வயதில் மன்னாரிலிருந்து அகதிகளாக ஒரே வள்ளத்தில் வந்தவர்கள், பக்கத்துப் பக்கத்து ஓலைக் கொட்டிலில் வளர்ந்தவர்கள். அவருடைய தங்கையைக் கட்டியது அதற்கெல்லாம் பிறகு.

லொறி வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. குழாய்களைத் தும்புப் பாயில் சுற்றிக் கொண்டு வந்திருந்தார். லொறியின் மேலே நின்றபடி சத்தம் போட்டார்.

“மெதுவா இறக்குங்க! மாப்பிள்ள இறங்குறார்! ஆறு மாப்பிள்ள!”

“பொம்புள எங்க, நானா?” என்று கீழே நின்ற சிங்களத் தோழர் கேட்டார். அவர் சூளைக்குப் பொறுப்பானவர், எங்களோடு தமிழில்தான் பேசுவார், எங்களை ‘நானா’ என்று அண்ணன் முறையில் கூப்பிடுவார்.

“பொம்புளதான் அங்க சுழண்டுகிட்டு நிக்கிறாளே, ஒரு வருசத்துக்கு ஒருத்தன எண்டு தின்டு போட்டு!”

எல்லோரும் சிரித்தோம். முதல் குழாய் இறங்கியதும் நான் என் காந்தத்தை எடுத்து வந்து வைத்தேன். உடைந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய பெரிய வட்டக் காந்தம், உள்ளங்கை அளவு. எங்கள் தொழிலில் இதுதான் வழக்கம். நல்ல நிக்கல் உருக்கில் காந்தம் பிடிக்காது. பிடித்தால் அது மட்டம், அல்லது டூப்பு. பழைய இரும்பு வாங்குகிறவர்களும், ஒட்டு வேலை செய்கிறவர்களும், படகு எஞ்சின் திருத்துகிறவர்களும் இப்படித்தான் பார்ப்பார்கள். லொறியிலிருந்து முதலில் இறங்குவதில் எல்லோருக்கும் முன்னால் வைத்துப் பார்ப்போம். அது சரியென்றால் மிச்சமும் சரி. ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தால், கொண்டு வந்தவரைக் கள்ளன் என்று சொல்கிற மாதிரி.

காந்தம் பிடிக்கவில்லை. கையை எடுத்ததும் வழுக்கிக் கீழே விழுந்தது. மாமா லொறியிலிருந்தே, “பாத்தீங்களா மச்சான், மாப்பிள்ள ஒங்கட காந்தத்த மதிக்கவே இல்ல” என்றார். மிச்ச ஐந்தையும் இறக்கி அடுக்கினோம்.

குழாய்கள் அவர் சொன்ன மாதிரியே நின்றன. ஒரு வருடம் போனது, இன்னொன்றும் போனது, தொங்கவில்லை. நாட்டில் கரண்ட் வெட்டும் டீசல் வரிசையும் இருந்த காலத்தில் சூளையை எத்தனையோ தரம் நிறுத்தி நிறுத்திப் போட்டோம். அப்போதும் நிமிர்ந்தபடியே நின்றன. அந்தக் குழாய்களைப் பற்றிப் பேசுவதையே நாங்கள் மறந்துவிட்டோம்.

இந்த வருடம் நோன்புக்குக் கொஞ்சம் முன்னால் நெருப்புக்கல் மாற்றுவதற்காகச் சூளையை முழுவதாக ஆற விட்டார்கள். உள்ளே வேலை செய்ய இடம் வேண்டும் என்று ஒரு குழாயைக் கழற்றி, சங்கிலி போட்டு மெல்லத் தூக்கினோம். இடுப்பளவு உயரம் கூட வரவில்லை. குழாயின் முனை சூளை வாயில் லேசாகத் தட்டியது. கதவு சாத்துகிற மாதிரித் தட்டல், அவ்வளவுதான்.

குழாய் முறிந்தது. உருக்கு முறிந்தால் வளைந்து, கிழிந்து, பிறகுதான் போகும். இது கோப்பை விழுந்த மாதிரி ‘டிங்’ என்று ஒரு சத்தத்தோடு இரண்டு துண்டாகிவிட்டது. கீழ்த் துண்டு சிங்களத் தோழரின் சப்பாத்துக்கு ஒரு சாண் தள்ளி விழுந்து சீமெந்துத் தரையைப் பெயர்த்தது. அவர் அப்படியே பின்னால் உட்கார்ந்துவிட்டார். பிறகு, “நானா, இது இரும்பா, பீங்கானா?” என்று கேட்டார்.

மனேஜர் ஓடி வந்தார். சிலாபம் பக்கத்து ஆள், கோபக்காரர் இல்லை. முறிந்த முகத்தைக் கையால் தடவிப் பார்த்தார். சாம்பல் நிறத்தில், சீனி கொட்டின மாதிரி மினுங்கியது. “காந்தத்தைக் கொண்டு வாங்க” என்றார்.

நான்தான் எடுத்து வந்தேன். நான்தான் வைத்தேன். என் கையிலிருந்து இழுத்துக்கொண்டு போய், ‘டக்’ என்று ஒட்டிக்கொண்டது. முறிந்த முகத்திலும் வைத்துப் பார்த்தேன், அங்கேயும் பிடித்தது. பிடுங்கி எடுக்க இரண்டு கை தேவைப்பட்டது. சூளைக்குள் இருந்த மற்ற ஐந்துக்கும் போய் வைத்தோம். எல்லாவற்றிலும் பிடித்தது.

நெருக்கடிக் காலத்தில் வீதிப் பாலத்தின் கம்பியையே அறுத்து விற்றார்கள் என்று எல்லோரும் கதைத்திருக்கிறோம். நல்ல குழாயை வழியில் எங்கேயோ இறக்கிவிட்டு, மட்டக் குழாயை ஏற்றி வந்திருக்க ஒரு ஆளால்தான் முடியும்.

பழைய குழாய்களைக் கழற்றி எறிந்தபோது நாங்கள் ஒருநாளும் காந்தம் வைத்துப் பார்த்ததில்லை. தொங்கிப் போனதை எதற்குச் சோதிக்க வேண்டும்? பார்த்திருந்தால் அன்றைக்கு எங்களில் யாராவது ஒருவர் வாயைத் திறந்திருப்பார்.

மனேஜர் அன்று பின்னேரமே மாமாவை அறைக்குக் கூப்பிட்டார். என்னையும் சிங்களத் தோழரையும் கூப்பிட்டார். மாமா கதிரையில் உட்காரவில்லை.

“சேர், நான் கொண்டு வந்தது நல்ல சாமான். வந்த அண்டைக்கே சோதிச்சது. மச்சான் நிக்கிறாரே, அவர்தான் காந்தம் வெச்சவர். கேளுங்க.”

மனேஜர் என்னைப் பார்த்தார். “அன்றைக்கு வெச்சீங்களா?”

“ஓம் சேர்.”

“பிடிச்சுதா?”

“இல்ல சேர். விழுந்துட்டுது.”

மாமா கையை விரித்தார், முடிந்தது என்கிற மாதிரி. மனேஜர் விடவில்லை. “ஆறுக்கும் வெச்சீங்களா?”

ஜன்னலுக்கு வெளியே கரி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மாமா என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அவரைப் பார்க்காமலே தெரிந்தது.

“முதல் குழாய்க்கு வெச்சன் சேர்.”

“மற்றதுக்கு?”

“மற்றதுக்கு வெக்கல்ல. அப்படித்தான் நாங்க பாக்கிறது.”

“அப்ப முறிஞ்சது நீங்க சோதிச்ச குழாயா?”

“அது தெரியாது சேர். சூளைக்குள்ள போனா எல்லாம் ஒரே மாதிரித்தான்.”

மனேஜர் பேனையை மேசையில் வைத்தார். விசாரணை முடியும் வரை வர வேண்டாம் என்று மாமாவிடம் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். மாமா ஸ்டோர்ச் சாவிக் கொத்தைச் சாரத்தின் மடியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். வெளியே வந்த பிறகு என்னிடம், “நான் பள்ளிவாசல்ல வந்து சத்தியம் செய்றன். நீங்க வாறீங்களா மச்சான்?” என்று கேட்டார்.

“வாறன்.”

“வந்து என்ன சொல்லுவீங்க? ஒண்டா, ஆறா?”

அவர் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் நடந்ததை நீங்கள் கேட்டிருக்கக்கூடாது என்றுதான் கதவைச் சாத்தினோம். மூத்தவளுக்குக் கொஞ்சம் கேட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

“ஒரு சொல்,” என்றார் உங்கள் உம்மா. “ஆறெண்டு சொன்னா ஒங்கட நாக்கு தேஞ்சா போகும்?”

“நான் பாக்கல்லியே.”

“எங்கட நானா களவெடுக்கல்ல எண்டு ஒங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“அப்ப?”

“தெரியிறது வேற. நான் வெச்சுப் பாத்தது ஒண்டு. இன்னொருக்கா கேட்டாலும் அதத்தான் சொல்ல ஏலும்.”

“பெரிய நீதவான்!” என்று சொல்லிவிட்டு அவர் அரிசி கழுவப் போனார்.

உங்களிடம் எழுதுவதால் இன்னொன்றையும் எழுத வேண்டும். தெரியும் என்று நான் சொன்னது எவ்வளவு உண்மை என்று அன்று படுத்தபோது யோசித்தேன். கொட்டிலில் இருந்த காலத்தில் எனக்குப் பாணில் பாதியைப் பிய்த்துத் தந்தவர் அவர். அதே கை. ஆனால் ஆறு குழாயிலும் காந்தம் ஒட்டியது. அதையும் நான் என் கையால்தான் வைத்துப் பார்த்தேன். இரண்டும் என் தலைக்குள் ஒன்றோடொன்று சேராமல் கிடந்தன.

பெக்டரியில் எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். ‘ஒத்தக் குழாய் மச்சான்.’ தேத்தண்ணி நேரத்தில் யாராவது, “ஒத்தக் குழாய்க்கு ஒரு பிளேன்டீ போடுங்க, சீனி ஒரே ஒரு கரண்டி போட்டாப் போதும்” என்பார்கள். சிங்களத் தோழர் மட்டும் சிரிக்கமாட்டார். “என்ட காலுக்குக் கிட்ட விழுந்தது அந்த ஒண்டுதான்” என்று ஒருநாள் சொன்னார். அதற்குப் பிறகு அவர் முன்னால் சொல்வதை நிறுத்திக்கொண்டார்கள்.

நோன்புப் பெருநாள் கழிந்த பிறகு, விற்றவர்களிடம் கேட்பதென்றால் கையில் அத்தாட்சி வேண்டும் என்று முதலாளிமார் முடிவெடுத்தார்கள். கொழும்பில் உலோகம் பார்க்கிற ஆய்வுகூடம் ஒன்றுக்குக் குழாய்த் துண்டை அனுப்பச் சொன்னார்கள். முறிந்த இடத்துக்குக் கிட்ட ஒரு வளையம் அறுத்து, துணியில் சுற்றி, நீங்களே கொண்டு போங்க, எந்த இடத்துத் துண்டு என்று கேட்டால் சொல்லத் தெரிந்தவர் நீங்கதானே என்று மனேஜர் என்னை அனுப்பினார். விடிய பஸ் ஏறினேன். மடியில் அந்த வளையம் முழு வழியும் இருந்தது. உள்ளே இருப்பது மாமாவின் பெயர் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. டூப்பு என்று அவர்கள் சொல்லிவிட்டால், அதைத் திரும்பச் சுமந்து வருகிறவனும் நான்தான்.

அங்கே ஒரு மிஸ் இருந்தார். யாழ்ப்பாணத்துப் பேச்சு. துண்டைப் பார்த்ததும், “அண்ணா, இருங்கோ, நிண்டு பாக்கப் போறியளா? நேரம் பிடிக்கும்” என்றார். நான் நிற்கிறேன் என்றேன்.

வளையத்திலிருந்து விரல் நுனி அளவு வெட்டி, பிளாஸ்டிக் மாதிரி ஒன்றுக்குள் பதித்து, தண்ணீர் ஓடுகிற உப்புத்தாளில் தேய்த்தார். ஒரு தாள், அதைவிட மென்மையான தாள், அதைவிட மென்மையானது. பிறகு வெல்வெட் மாதிரித் துணியில். கடைசியில் அது கண்ணாடியாகிவிட்டது, என் மூக்கு அதில் தெரிந்தது. இருபது வருடம் உருக்கோடு வாழ்ந்தும் உருக்கில் என் முகத்தை அப்படிப் பார்த்ததில்லை. ஒரு சொட்டு அமிலம் தடவிக் கழுவி, நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்தார். படம் திரையில் வந்தது.

மூத்தவளே, நீ உன் புத்தகத்தில் வெங்காயத் தோலைப் பார்த்திருப்பாய். உருக்கும் அப்படிக் கட்டம் கட்டமாக இருக்கும் என்று யாராவது உனக்குச் சொல்லித் தந்தார்களா? எனக்கு முதலில் நினைவு வந்தது நமது உப்பளம். உயரத்தில் நின்று பார்த்தால் பாத்தி பாத்தியாக, நடுவில் மெல்லிய வரம்புகளோடு தெரியுமே, அச்சாக அதேதான்.

“இதுதான் சுவரின்ர நடுப்பகுதி,” என்றார் மிஸ். “பாருங்கோ, வரம்பு மெல்லிசா இருக்கு. வரம்பில சின்னச் சின்னப் புள்ளி தெரியுதே? சூட்டில உலோகம் உருக முதலே மெல்ல மெல்ல நகரும். ஒரு பாத்தி மற்றதில வழுக்கும். அதாலதான் உங்கட பழைய குழாய் தொங்கினது. இந்தப் புள்ளியள் கல்லு வச்ச மாதிரி வழுக்க விடாமல் பிடிச்சுக்கொண்டு நிக்கும். இது நல்ல உலோகம் அண்ணா. சொன்ன சாமான்தான்.”

“அப்ப ஏன் மிஸ் காந்தம் பிடிக்குது?”

அவர் திரையை மெல்ல நகர்த்தினார். பாத்திகள் நகர்ந்தன. குழாயின் வெளித்தோல் பக்கம் வர வர வரம்புகள் தடித்தன. புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி, பாத்திகளுக்கு உள்ளேயும் நிறைந்தன. கடைசியில் உப்பளத்தில் தண்ணீரே இல்லை, வரம்புதான் எல்லாம்.

“கரிக்குள்ள எத்தினை வருசம் கிடந்தது? காபன் உள்ள ஊறிப் போட்டுது. ஊறின காபன் குரோமியத்தைப் பிடிச்சு இந்தக் கட்டியளா மாத்திப் போட்டுது. குரோமியம் போன மிச்சத்தில காந்தம் பிடிக்கும். வெளித்தோல் இப்ப வேற உலோகம். சூட்டில நல்லாத்தான் நிண்டிருக்கும். ஆறினாப் பிறகு தட்டுப்பட்டால், வெடிப்பு இந்த வரம்பு வழியாவே ஓடும்.” பிறகு கேட்டார். “சூளையை அடிக்கடி நிப்பாட்டினனீங்களோ?”

“கரண்ட் இல்லாத காலத்தில மிஸ்... கணக்கே இல்ல.”

“அதுதான். குரோமியத்தால மேல ஒரு மெல்லிய படை வரும், காபனை உள்ள விடாது. சுட்டு ஆற, சுட்டு ஆற, அந்தப் படை உரிஞ்சு போயிடும்.”

மேசை லாச்சியிலிருந்து நூலில் கட்டிய காந்தத் துண்டொன்றை எடுத்தார். நெல் மணியை விடக் கொஞ்சம் பெரிது. அறுத்த வளையத்தின் முகத்தில், வெளி ஓரத்தில் பிடித்தார். சாய்ந்து ஒட்டியது. குழாய்ச் சுவரின் நடுவில் பிடித்தார். நூலில் சும்மா தொங்கியது. என்னுடையது உள்ளங்கை அளவு காந்தம். முறிந்த முகத்தில் எங்கே வைத்தாலும் அது வெளி ஓரத்தைத்தான் போய்ப் பிடித்திருக்கும். அதனால் நடுப்பகுதி எப்படி என்று எங்கள் யாருக்கும் தெரிய வரவில்லை. கழற்றி எறிந்த பழைய குழாய்களில் வைத்திருந்தாலும் இப்படித்தான் பிடித்திருக்கும்.

சந்தோசத்தில் நான் அவசரப்பட்டுக் கேட்டேன். “அப்ப ஆறு குழாயும் நல்ல சாமான் எண்டு எழுதித் தருவீங்கதானே மிஸ்?”

அவர் சிரிக்கவில்லை. “அண்ணா, நீங்கள் கொண்டு வந்தது ஒரு துண்டு. நான் பாத்தது அந்தத் துண்டு. மற்ற அஞ்சையும் பற்றி நான் எப்பிடிச் சொல்லேலும்?”

நான் தலையாட்டினேன். மனேஜரின் அறையில் நான் சொன்னதும் அதே பதில்தான். அது கேட்கிறவனுக்கு எப்படி இருக்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அறிக்கை வந்ததும் மனேஜர் மாமாவைத் தானே போய்க் கூட்டி வந்தார். எல்லோருக்கும் முன்னால் சாவிக் கொத்தைக் கொடுத்து, தவறாக நினைத்துவிட்டோம் என்று சொன்னார். அவருக்கு ஒரு துண்டின் அறிக்கை போதுமாக இருந்தது. ஒன்று சரியென்றால் மிச்சமும் சரி, அதே பழைய வழக்கம். நடந்ததைச் சொல்ல நான் ஸ்டோருக்குப் போனேன். மாமா போல்ட்டுகளை அளவு பார்த்துப் பெட்டிகளில் போட்டுக்கொண்டிருந்தார். உப்பளம் மாதிரி இருந்தது என்றேன், காபன் ஊறியிருக்கிறது என்றேன், நடுவில் காந்தம் தொங்கிக்கொண்டு நின்றது என்றேன். தலை நிமிராமல் எல்லாவற்றையும் கேட்டார்.

“மெசின் சொல்லித்தான் ஒங்களுக்கு என்னய நம்ப ஏலுமாயிருந்திச்சு, என்ன?”

“நான் நம்பல்ல எண்டு எப்ப மச்சான் சொன்னன்? பாத்ததச் சொன்னன்.”

“ஓம். ஒண்டு பாத்தீங்க. அந்த மெசினும் ஒண்டுதான் பாத்ததாம்.” ஒரு போல்ட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “மிச்சம் அஞ்சுக்கும் நான் இன்னும் கள்ளன்தானே, ஒத்தக் குழாயாரே? போங்க, ஒங்கட வேலையப் பாருங்க.”

அந்தப் பெயரை அவர் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை. மற்றவர்கள் சொன்னபோது உறைக்காதது அன்று உறைத்தது. அதற்குப் பிறகுதான் ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. அவர் வரவில்லை. உங்கள் உம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்தார். உம்மாவிடம் மாமா நன்றாகத்தான் கதைத்தாராம். உங்கள் இரண்டு பேரையும் விசாரித்தாராம். என்னைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லையாம்.

புதுக் குழாய்கள் வந்து பொருத்தியாகிவிட்டது. பழைய ஐந்தும் பின் வளவில், வேலியோரம், அறுகம்புல்லுக்குள் கிடந்தன. பழைய இரும்பு லொறி வந்து ஏற்றிப் போகும் என்று சொன்னார்கள். ஏற்றிப் போனால் உருக்கிவிடுவார்கள். பிறகு அந்த ஐந்தையும் பற்றி யாரும் எதுவும் சொல்ல முடியாது.

எனக்கு அது இருக்கவிடவில்லை. மாமாவுக்காகப் பார்க்க நினைத்தேனா, எனக்காகவா என்று கேட்காதீர்கள். அவர் சொன்னது சரி. என் மனதில் எங்கேயோ ஒரு மூலையில் அந்த ஐந்தும் இன்னும் கிடந்தன.

பௌர்ணமிப் போயா விடுமுறையன்று காலையில், மாம்புரியில் ஒரு வேலை இருக்கிறது என்று உம்மாவிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். சின்னவனே, புறப்படும்போது உன் பென்சில் பெட்டி மேசையில் இருந்தது. அதன் மூடியில் ஒரு சின்னக் காந்தம் இருக்கும், ‘டிக்’ என்று மூடுவதற்கு. நெல் மணியை விடக் கொஞ்சம் பெரிது. அதைக் கத்தி முனையால் நெம்பி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நீ அன்று நித்திரையில் இருந்தாய்.

காவலாளி கேற்றைத் திறந்துவிட்டுத் தன் றேடியோவுக்குத் திரும்பிப் போனார். பெக்டரியில் வேறு யாரும் இல்லை. சூளை மட்டும் தன் பாட்டில் சுழன்றுகொண்டிருந்த சத்தம், அதைப் பார்க்கிற இரண்டு பேரும் அந்தப் பக்கம் உள்ளே. நான் வயரை இழுத்து, கிரைண்டரைப் போட்டு, முதல் குழாயில் ஒரு வளையம் அறுத்தேன். முகத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். மிஸ் செய்த மாதிரிக் கண்ணாடியாக வராது, ஆனால் சுத்தமாக வந்தது. வளையத்தை நிமிர்த்திப் பிடித்து, பென்சில் பெட்டிக் காந்தத்தைச் சுவரின் நடுவில் வைத்துக் கையை எடுத்தேன். விழுந்தது. இரண்டாவதை அறுத்தேன். விழுந்தது. மூன்றாவதும் நான்காவதும் அப்படியே. வெயில் ஏறிவிட்டது, கரித்தூளும் இரும்புத்தூளும் வியர்வையில் ஒட்டி முகமெல்லாம் கறுத்திருக்கும்.

ஐந்தாவதை அறுத்தேன். முகத்தைத் தேய்த்தேன். காந்தத்தை நடுவில் வைத்துக் கையை எடுத்தேன். அதுவும் நிற்கவில்லை, விழுந்து புல்லுக்குள் போய்விட்டது. முழங்காலில் இருந்து, புல்லை விலக்கி விலக்கித் தேடி எடுத்தேன். அதில் ஒட்டியிருந்த இரும்புத்தூளைச் சட்டையில் துடைத்துவிட்டு, அந்த ஐந்தாவது வளையத்தைத் திரும்பவும் கையில் எடுத்து, இன்னொரு தடவை வைத்துப் பார்த்தேன். அப்போதும் விழுந்தது.